சித்தியின் வில்தாங்கி

புலம்பெயர்ந்து வந்து வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் இருந்த மாடிக் கட்டடத்தில் தமிழ்ச் சனம் நிறைய. அத்தனை பேரிலும் வில்லும் அம்புமாக லிஃப்டில் ஏறி இறங்கியவர் என் சித்தி ஒருவர்தான். அன்ரிமார் விசாரித்தால், அது ஏதோ விளையாட்டுச் சாமான் என்று அம்மா சமாளித்துவிடுவார்.

சித்தி கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வெல்டிங் வேலை செய்தார். வேட்டைப் பழக்கம், அங்கே உடன் வேலை செய்த ஓர் இத்தாலியரால் வந்தது. பலகையில் குறி வைத்தால் அவருடைய அம்பைவிடச் சித்தியின் அம்புதான் நடுவில் குத்தும். ஆனால் ஊரில் போருக்குள் இடம்பெயர்ந்து ஓடியபோது ஷெல் குண்டின் துண்டு பட்ட இடது தோள், வில்லை நெடுநேரம் தூக்கிப் பிடிக்க விடாது. மான் வருமுன்னே கை நடுங்கத் தொடங்கிவிடும். இந்தத் தோளோடு வேட்டை வேண்டாம் என்று இத்தாலியர் அன்பாகத்தான் சொல்லிப் பார்த்தார்.

சித்தி வாதாடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரங்களில் கழிவு இரும்பில் ஒரு தாங்கி செய்தார். மண்ணில் குத்தக் கூரான கால், உயரத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, உச்சியில் கவட்டை. சத்தம் எழாதிருக்கக் கவட்டையில் பழைய சைக்கிள் ட்யூப்பைச் சுற்றியிருந்தார். வில்லை அதில் வைத்துவிட்டால் பாரத்தை அது வாங்கிக்கொள்ளும். சித்தி நாணை இழுத்தால் போதும்.

அந்த இலையுதிர்காலத்தில், பத்து வயதான என்னையும் சித்தியும் இத்தாலியரும் வடக்கே ஒரு காட்டுக் காணிக்குக் கூட்டிப் போனார்கள். பச்சைத் துணி மறைப்புக்குள் மூவரும் மூச்சை அடக்கி இருந்தோம்.

வந்த மான் எங்களையே நேராகப் பார்த்துக்கொண்டு நின்றது. அது உடலைப் பக்கவாட்டில் திருப்பாமல் எய்ய முடியாது. நிற்கிறது, நிற்கிறது, அசைவதாயில்லை. அனுபவசாலியான இத்தாலியரே களைத்துத் தன் வில்லைத் தாழ்த்திவிட்டார். கவட்டையில் இருந்த சித்தியின் வில் மட்டும் ஆடவில்லை. மான் பக்கவாட்டில் திரும்பிப் புல்லுக்குக் குனிந்தது. சித்தி நாணை இழுத்ததையும் விட்டதையும் நான் காணவில்லை. மான் துள்ளி மரங்களுக்குள் ஓடியதைத்தான் கண்டேன்.

பின்னால் ஓட எழுந்தேன். சித்தி என் ஜாக்கெட்டைப் பிடித்து இருத்தினார்.

"துரத்தக் கூடாது, பிள்ளை. துரத்தினா காயத்தோட ஓடிக்கொண்டே இருக்கும். பின்னாலை ஒருத்தரும் வரேல்லை எண்டு தெரிஞ்சாத்தான் படுக்கும்."

காத்திருந்தோம். பிறகு போய்ப் பார்த்தபோது, கூப்பிடு தூரத்தில், உதிர்ந்த இலைகளின் மேல் அது அமைதியாகக் கிடந்தது. இத்தாலியர் தொப்பியைக் கழற்றினார். திரும்பி வந்து தாங்கியைத் தடவித் தடவிப் பார்த்தவர், தனக்கும் ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டார். வீட்டில் அம்மா இறைச்சியைக் கண்டு முகத்தைச் சுளித்தார். கொஞ்ச நேரத்தில் மிளகு இடிக்கும் சத்தம் கேட்டது.

அதற்கு முன், காட்டிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் நான் சித்தியைக் கேட்டேன்: "துரத்தக் கூடாது எண்டு அந்த அங்கிளோ சொல்லித்தந்தவர்?"

சித்தி ரோட்டைப் பார்த்தபடி, "இல்லை. அது எனக்கு ஊரிலையே தெரியும்" என்றார்.

அப்படியென்றால் சித்தி ஊரிலும் பெரிய வேட்டைக்காரியாக இருந்திருக்கிறார் என்று நான் முடிவுகட்டினேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் அப்படித்தான் பெருமையாகச் சொன்னேன்.