கேள்வி வரும்வரை பக்கத்தில் நின்றவர்

தவமணி மிஸ் காலமான செய்தியை எங்கள் கடைக்குக் கொண்டுவந்தவர், மிளகு மூடை ஏற்றி வரும் ஆட்டோக்கார அண்ணன். "ஒங்க பழைய பிரின்சிபல் மிஸ் போயிட்டாங்களாம் புள்ள. நெஞ்சு வலியாம்" என்றார். பொய் சொல்லி எங்களைப் பயமுறுத்துவதில் அவர் கெட்டிக்காரர். ஆகவே நான் கராம்பைப் புடைத்துக்கொண்டே இருந்தேன். மாலையில் உக்குவளையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பாடசாலை மதிலில் வெள்ளைக் கொடிகளைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

நினைவு மலருக்கு எழுதும்படி உப அதிபர் கேட்டபோதும் எனக்குச் சந்தேகம்தான். நான் பத்தாம் தரத்தோடு நின்றவள். "எதுக்கு சேர் என்னையக் கேக்குறீங்க?" என்றேன். "எல்லா வகைப் பிள்ளைகளும் இருந்தா நல்லதுதானே" என்றார். நான் எந்த வகை என்று அவர் சொல்லவில்லை.

மிஸ் அதிபராக வந்த புதிதில் காலைக் கூட்டத்தின் நற்சிந்தனையை மாற்றியது உங்களுக்கு நினைவிருக்கும். யாரோ பெரியவர் சொன்னதை ஒப்புவிப்பதற்குப் பதிலாக, தினமும் ஒரு பிள்ளை மேடையேறித் தனக்குத் தெரியாத ஒன்றைக் கேள்வியாகச் சொல்ல வேண்டும். அதை எப்படித் தெரிந்துகொள்ளப் போகிறது என்றும் சொல்ல வேண்டும். "எதுக்குப் படிக்கிறோம்னு தெரியாம வகுப்புல உக்காந்திருக்கிறது, போர்ட்டைப் பாக்காம பஸ்ல ஏறின மாதிரி" என்பார் மிஸ்.

இதை யாரும் நம்பவில்லை. "வலயக் கல்வி ஆபீஸ்லருந்து ஆள் வர்ற வரைக்கும்தான் இந்தக் கூத்து" என்று விஞ்ஞான டீச்சர் சொன்னது, ஆசிரியர் அறைக்குச் சோக்குக்கட்டி எடுக்கப் போன என் காதிலேயே விழுந்தது. வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்ற கேள்வியை ஓர் அக்கா தன் தங்கைக்குக் கொடுத்தாள். தங்கை அடுத்த வகுப்புக்குக் கொடுத்தாள். அது திரும்பத் திரும்ப மேடையேறியபோது மிஸ், "வானத்த விட்டுருங்க பிள்ளைகளா, பாவம்" என்றார்.

என் முறை வந்த அன்று தோழி ஒருத்தி எனக்கும் ஒரு கேள்வி தந்திருந்தாள். மேடையில் நான் வாய் திறக்கவில்லை. மிஸ் ஒலிவாங்கியைத் திருப்பி வாங்கவில்லை. இறங்கிப் போ என்றும் சொல்லவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றார். வெயில் ஏறியது. பின்வரிசைப் பையன்கள் "ஊமக்கோட்டான்" என்று சிரித்தார்கள். கடைசியில் மிஸ், "கேள்வி இன்னும் வரல. வந்ததும் சொல்லு" என்று அனுப்பினார். எல்லோருக்கும் என்னை வேடிக்கை காட்டத்தான் நிறுத்திவைத்தார் என்று நினைத்தேன்.

அப்பா கராம்பு மரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட பிறகு, நான் பாடசாலையை விட்டு, மாத்தளைப் பாதையில் உள்ள வாசனைப் பொருள் கடைக்கு வேலைக்குப் போனேன். மிஸ் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி வைக்க எழுந்த அம்மா என் காதில், "புள்ளைங்க ஸ்கூல விட்டு நின்னா அவங்களுக்குத்தான் கரச்சல். அதான் வந்திருக்காங்க. தலைய ஆட்டிராத" என்றார். ஆனால் மிஸ் திரும்பி வா என்று கூப்பிடவே இல்லை. அப்பாவை விசாரித்தார், தேத்தண்ணி குடித்தார், போகும்போது "கேள்வி வந்திச்சா?" என்று மட்டும் கேட்டார். என் சந்தேகம் கூடியது. கூப்பிட வந்தவர் ஏன் கூப்பிடவில்லை?

பிறகு கடைக்கே வரத் தொடங்கினார். வரும்போதெல்லாம் கறுவாப்பட்டை வாங்கினார். ஒரு வீட்டில் எவ்வளவு கறுவாதான் செலவாகும்? ஒருநாள் பொறுக்க முடியாமல், "எதுக்கு மிஸ் இங்க வர்றீங்க?" என்று கேட்டுவிட்டேன். முதலாளி நிமிர்ந்து பார்த்தார்.

"அப்பாடா, கேட்டுட்டா" என்று மிஸ் சிரித்தார். "ரெண்டு காரணம். பிள்ளைங்க விலகினா வலயத்துக்கு நான்தான் பதில் சொல்லணும். உங்கம்மா அன்னைக்கு ஒன் காதுல சொன்னது எனக்கும் கேட்டுச்சு. அது சரிதான்."

"ரெண்டாவது?"

"அன்னைக்கு மேடையில நீ கடன் வாங்கின கேள்வியச் சொல்லிட்டு இறங்கியிருக்கலாம். சொல்லல."

"வெக்கத்துலதான் மிஸ் சொல்லல."

"இப்பவும்தான் ஒனக்கு வெக்கம். கேட்டுட்டியே."

இதுவும் என்னை மயக்கச் சொன்னதாக இருக்கலாம். எனவே சோதித்தேன். "நான் ஸ்கூலுக்கு வரமாட்டேன் மிஸ், வீட்டுக்குச் சம்பளம் வேணும். வெளியிலருந்து சாதாரண தரப் பரீட்சை எழுதினா ஸ்கூலுக்கு என்ன கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காது."

"அப்பவும் சொல்லித் தருவீங்களா?"

"வெள்ளிக்கிழம பின்னேரம், ஸ்கூல் விட்ட பிறகு விஞ்ஞான அறைக்கு வா. ஆனா எதுக்குப் படிக்கிறேன்னு ஒரு காரணத்தோட வா. என் காரணம் வேணாம், ஒன்னோடது."

யாரும் இருக்கமாட்டார்கள் என்று நினைத்துத்தான் போனேன். மிஸ் இருந்தார். கூத்து என்று சொன்ன அதே விஞ்ஞான டீச்சரும் இருந்தார். என் காரணத்தைச் சொன்னேன்: "எங்க கடையில வெள்ளக்காரங்களுக்கு முடி வளர்ற எண்ணெய் விக்கிறோம். மொதலாளிக்கோ வழுக்கை. அது வேல செய்யுதான்னு நானே சோதிச்சுப் பாக்கத் தெரியணும்." மிஸ் மேசையில் தட்டிச் சிரித்தார். "டீச்சர், இதுலருந்து தொடங்குங்க" என்றார். அன்று முதல் அவர் இருந்தவரை எந்த வெள்ளிக்கிழமையும் அந்த அறை பூட்டியிருக்கவில்லை.

இரங்கல் கூட்டத்தில் அவரைத் தெய்வம் என்றார்கள். அடுத்த கிழமையே காலைக் கூட்டத்தில் பழைய ஒப்புவித்தல் திரும்பி வந்துவிட்டதாக என் தங்கை சொல்கிறாள். சேர், இந்த வரியை நீங்கள் வெட்டிவிடுவீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். மலரின் அட்டையில் 'எல்லோருக்கும் தாய்' என்று போடப்போவதாகவும் கேள்விப்பட்டேன். எனக்கு அம்மா இருக்கிறார். மிஸ் எனக்கு அதிபராக இருந்தார். எதுக்கு என்று கேட்டபோது கோபிக்காமல் உண்மையைச் சொன்ன அதிபர்.

மிஸ் போன பிறகு வந்த வெள்ளிக்கிழமை, அறை பூட்டியிருக்கும் என்று எண்ணியே போனேன். விஞ்ஞான டீச்சர் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"இனி எதுக்கு டீச்சர் வர்றீங்க?" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். நான் புத்தகத்தைத் திறக்காமல் அவர் பக்கத்தில் நின்றேன். வெளியே கண்டி ரயில் போய் முடிந்தது.

"அந்த எண்ணெய் விஷயம் எனக்கும் தெரியணும் புள்ள" என்றார்.

வரும் பரீட்சையை எழுதப்போகிறேன். மிஸ்ஸிடமிருந்து நான் வைத்திருப்பது இவ்வளவுதான்: எதுக்கு என்று கேட்பது. கேட்டபின், பதில் வரும்வரை விலகாமல் பக்கத்தில் நிற்பது.