கேமரா உறையில் ஒட்டிய கொழுப்பு

தண்ணீருக்குள் படம் எடுக்கும் கேமராவை நான் வாங்கியது கல்யாண ஜோடிகளுக்காக. திண்டுக்கல்லில் என் ஸ்டுடியோவுக்கு வருகிறவர்களுக்கு மலையும் தோப்பும் சலித்துப்போய், தண்ணீருக்குள் சேலை விரிந்து மிதக்கிற மாதிரி படம் வேண்டியிருந்தது. முதலில் பிளாஸ்டிக் பை ஒன்றை வாங்கிப் பார்த்தேன். கேமராவை உள்ளே போட்டு வாயைச் சுருட்டிப் பூட்டுவது. தண்ணீரில் இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே உள்ளே ஆவி படிந்துவிடும், பொத்தான் எங்கே என்று விரல் தடவிக்கொண்டிருக்கும். அதைக் கடாசிவிட்டு, கையடக்கக் கேமரா ஒன்றும் அதன் அளவுக்கே செய்த கெட்டியான உறையும் வாங்கினேன்.

நம் ஊர்க் கிணறுகளுக்கு அது போதும். கலங்கிய தண்ணீரில் தள்ளி நின்று எடுத்தால் எவ்வளவு பெரிய கேமராவும் பச்சைச் சுவரைத்தான் காட்டும். அகல லென்ஸை வைத்துக்கொண்டு கையெட்டும் தூரத்துக்குப் போய்விட வேண்டும். பிளாஷை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் தள்ளிப் பிடிக்க வேண்டும். நேராக வெளிச்சம் அடித்தால் தண்ணீரில் மிதக்கும் தூசியெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாக வந்து நிற்கும்.

இந்தக் கேமராவைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் அந்த அம்மா என்னைத் தேடி வந்தார். நத்தம் சாலையில் மல்லிகை பயிரிடுகிறவர். என் கல்யாணப் படப்பிடிப்புகளுக்குப் பூ அவரிடமிருந்துதான் வரும். தன் கிணறு நாறுகிறது என்றார். அந்தத் தண்ணீர் பாய்ந்த செடிகள் மஞ்சளடித்து நிற்கின்றனவாம், ஆடுகள் தொட்டிப்பக்கமே போவதில்லையாம். பக்கத்து நிலத்தில் புதிதாக எழும்பிய கல்யாண மண்டபத்தின் மேல்தான் அவருக்குச் சந்தேகம். மண்டபக்காரரோ, கிணற்றில் ஏதாவது நாய் செத்துக் கிடக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

"அம்புட்டுப் பேரும் மேல நின்னு எட்டிப் பாத்துட்டுப் போறாக தாயி. உள்ள எறங்கிப் பாக்க ஒரு ஆளில்ல" என்றார்.

நான் கிணற்றில் நீச்சல் பழகியவள்தான். ஒப்புக்கொண்டேன்.

அன்று காலை காலி உறைக்குள் டிஷ்யூ காகிதம் வைத்து மூடி, வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தேன். காகிதம் நனையவில்லை. மூடியைச் சுற்றி ஓடும் ரப்பர் வளையத்தைக் கழற்றித் துடைத்து, சிலிகான் கிரீஸை மினுமினுப்புத் தெரியும் அளவுக்கு மட்டும் தடவினேன். அந்த வளையத்தில் ஒரு தலைமுடி கிடந்தால் போதும், கேமரா போய்விடும்.

மண்டபத்தில் அன்று ஒரு கல்யாணம். மேளச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை அந்த அம்மாவின் மகனிடம் கொடுத்துவிட்டுப் படியில் இறங்கினேன். தண்ணீர்மேல் வெள்ளையாகக் கொழுப்பு உறைந்து ஆடை கட்டியிருந்தது. பழைய பிரியாணியும் பாத்திரம் கழுவிய சோப்பும் சேர்ந்து புளித்த நாற்றம். கொழுப்பைக் கையால் விலக்கி, வாயை இறுக மூடிக்கொண்டு முங்கினேன்.

கோழிச்சிறகு கன்னத்தில் ஒட்டியது. ஊறிப்போன வாழையிலை நார்நாராகக் காலைச் சுற்றியது. மண்டபத்துப் பக்கச் சுவரைத் தடவிக்கொண்டே போனபோது முகத்தில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் அடித்தது. கிணற்றுக்குள் சூடான தண்ணீர் எப்படி வரும்? டார்ச்சைத் திருப்பினேன். கல்லிடுக்கில் புதுச் சிமெண்ட் பூசிய பிளாஸ்டிக் குழாய். அதன் வாயிலிருந்து சோறும் எலும்புத்துண்டும் வந்துகொண்டிருந்தன. முதல் பந்தி முடிந்து பாத்திரம் கழுவுகிறார்கள். குழாயின் விளிம்பில் தண்ணீர் பாட்டிலின் லேபிள் ஒன்று சிக்கி ஆடியது. மாப்பிள்ளை பெண் பெயரை அச்சடித்து ஒட்டுவார்களே, அது. பெயர் தெளியும்வரை நெருங்கி எடுத்தேன். மேலே வந்ததும் படியிலேயே வாந்தியெடுத்தேன்.

மகளின் பிரசவத்துக்காகத் தான் வெளியூர் போயிருந்த கோடையில் கிணறு வற்றிக் கிடந்தது என்று அந்த அம்மா சொன்னார். அப்போதுதான் குழாயைப் பதித்திருக்க வேண்டும். படங்களைத் தன் செல்போனில் வாங்கிக்கொண்டு நேரே மண்டபத்துக்குப் போனார்.

சாயங்காலமே மண்டபக்காரர் என் ஸ்டுடியோவுக்கு வந்தார். சலவைச் சட்டை, ஜவ்வாது வாசனை. உட்கார்ந்து, பல் குத்திக்கொண்டே பேசினார்.

"நீயும் நானும் கல்யாணத்த வச்சுப் பொழைக்கிறவங்கம்மா. நாத்தத்தப் படம் புடிச்சு ஒனக்கு என்ன ஆகப்போகுது? அழிச்சுரு. இனிமே நம்ம மண்டபத்துக் கல்யாணம் எல்லாம் ஒனக்குத்தான்."

அவர் மண்டபத்தில் எத்தனையோ பந்தியில் நான் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்தேன்.

"அந்த எச்சித்தண்ணி இன்னைக்கு என் மூஞ்சியில அடிச்சுச்சுண்ணே. நீங்க கெளம்புங்க" என்றேன்.

அந்த அம்மா புகார் கொடுத்ததும், ஊராட்சி அலுவலகத்தில் மண்டபக்காரர் குழாய் தன்னுடையதே இல்லை என்று சாதித்தார். அந்த அம்மா லேபிள் படத்தைக் காட்டினார். அதில் இருந்த பெயர்கள் மண்டப வாசலில் கட்டிய பேனரிலும் இருந்தன. அதோடு மண்டபக்காரர் தன் செலவிலேயே குழாயை அடைத்து, கிணற்றை இறைத்துத் தூர்வாரிக் கொடுத்தார். முன்வரிசைச் செடிகள் பிழைக்கவில்லை. அந்த அம்மா அவற்றைப் பிடுங்கிவிட்டுப் புதுப் பதியன் வைத்தார். எனக்கு அந்த மண்டபத்தில் வேலை நின்றுபோனது.

உறையை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, ஒவ்வொரு பொத்தானையும் அமுக்கி அமுக்கிக் கழுவினேன். ரப்பர் வளையம் கொழுப்பில் ஊறி உப்பியிருந்தது. அதை எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். கீல்களைப் பல் பிரஷால் தேய்த்து, ஈரம் போகக் காயவைத்து, மூடாமல் திறந்தே வைத்தேன். நாற்றம் போகவில்லை. ஒரு மணப்பெண் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல என்ன எறச்சி வாடை அடிக்குது?" என்றாள். கடைசியில் உறையையே மாற்ற வேண்டியதாயிற்று.

கல்யாண வீடுகளில் இப்போது பந்திக்குக் கூப்பிட்டால் காபி மட்டும் கேட்கிறேன்.

போன மாதம் பைபாஸில் வரும்போது ஓடைப் பாலத்தருகே ஒரு டேங்கர் லாரி நின்றிருந்தது. பின்னால் செருகிய தடித்த குழாயிலிருந்து கொழகொழவென்று ஓடையில் கொட்டிக்கொண்டிருந்தது. எந்த மண்டபத்து லாரி என்று தெரியாது. அதே வாடை. ஸ்கூட்டரை நிறுத்தி நம்பர் தெரியப் படம் எடுத்தேன். டிரைவர் என்னைப் பார்த்தார், குழாயை எடுக்கவில்லை. கொட்டி முடித்து, ஓடையிலேயே கையைக் கழுவிவிட்டு வண்டியேறினார்.