பூசையன்று திறந்த படம்

சரஸ்வதி பூசை அன்று புத்தகத்தைத் தொடக்கூடாது என்ற விதியை எங்கள் வீட்டில் என்னைப்போல் பக்தியோடு கடைப்பிடித்தவர் எவருமில்லை. அந்த வருடம் புத்தகங்களோடு கம்பியூட்டரும் பூசையில் சேர்ந்தது. அக்கா தன் கம்பனியிலிருந்து கொண்டுவந்த பழைய பெட்டி அது. படம் கிடம் காட்டாது. கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் வரும். அம்மா அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, மறுநாள் விடியும்வரை ஒருவரும் கிட்டப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

பூசை முடிந்த கையோடு கனடாவிலிருந்து அண்ணா போன் எடுத்தார். ஈமெயிலில் தன் படம் அனுப்பியிருக்கிறாராம். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனை நம்பி அண்ணா கொழும்பு வெள்ளவத்தையை விட்டுப் போனதிலிருந்து அம்மா அவர் முகத்தைக் கண்டதில்லை. எப்போது கேட்டாலும் "பிறகு அனுப்புறன்" என்பதுதான் பதில். போனை வைத்ததும் அம்மா கம்பியூட்டரைப் பார்த்தார், சரஸ்வதியைப் பார்த்தார், மறுபடி கம்பியூட்டரைப் பார்த்தார்.

"பிள்ளை, ஒருக்காத் திறந்து பாரன். சரஸ்வதி கோவிக்கமாட்டா."

அக்கா பெட்டியை டெலிபோன் வழியாக, ஈமெயில் வந்து சேருகிற கம்பனிக் கம்பியூட்டரோடு தொடுத்தாள். அம்மா பின்னால் நின்று அவசரப்படுத்தியதில், கடிதம் வாசிக்கிற கட்டளையையே படத்துக்கும் கொடுத்துவிட்டாள். பெட்டி கீச்சுக் கீச்சென்று கத்தியது. திரை முழுக்கக் கட்டங்களும் கோடுகளும் கொட்டின. சத்தம் நின்ற பிறகும், அக்கா எந்த எழுத்தைத் தட்டினாலும் ஒரு கோணல் கோடுதான் விழுந்தது.

"நான் அப்பவே சொன்னனான், இண்டைக்குத் தொடாதையுங்கோ எண்டு!"

சொன்னது உண்மைதான். நடுவில் சொன்னதை மட்டும் மறந்துவிட்டு அம்மா கற்பூரம் எடுக்க ஓடினார்.

"பெட்டிக்கு ஒண்டுமில்லையம்மா," என்றாள் அக்கா. "படத்தை எழுத்தெண்டு நினைச்சுக் காட்டப் பாத்துக் குழம்பிப்போச்சு. நான் அடிக்கிறது உள்ளுக்குச் சரியாத்தான் போகுது, வெளியிலதான் கோணலாத் தெரியுது. திரையைப் பாக்காமல் ரீசெட் எண்டு அடிச்சாச் சரிவந்திடும். படத்தை நாளைக்கு வேலையிடத்தில பிரிண்ட் எடுத்துக்கொண்டு வாறன்."

"அப்ப, இந்தக் கிறுக்கலெல்லாம் அவன்ர படமோ?"

"ஓம், ஒரு விதத்தில அதுதான்."

அக்காவின் விரல்கள் கீபோர்டுக்குப் போயின.

"பொறு பிள்ளை, அழிச்சுப்போடாதை."

அம்மா கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார். மூக்குக்கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தக் கட்டங்களையும் கோடுகளையும் மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்தார்.

"மெலிஞ்சுபோனான்," என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்காவும் சிரிப்பாள் என்று திரும்பிப் பார்த்தேன். டெலிபோன் பில் ஏறுது என்று எங்கள் உயிரை வாங்குகிற அக்கா, லைனை அப்படியே விட்டுவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அம்மா பார்த்து முடியும்வரை காத்திருந்தாள். ஒரு சொல்லில் சரிசெய்யத் தெரிந்தவள் ஏன் சும்மா இருக்கிறாள் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.