எங்கள் அக்கா மறைக்காத நோய்

இறைவனின் இளைப்பாற்றியில் ஓராண்டை நிறைவு செய்திருக்கும் எங்கள் அக்காவுக்காகச் செபிக்க வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையாகிய என் பணிவான வணக்கம்.

அக்கா, ஆலங்காயத்துக்கு அருகே மலை தொடங்கும் இடத்தில் உள்ள எங்கள் கிராமத்தில் மூத்த மகளாகப் பிறந்தார். அப்பா நிலக்கடலை பயிரிட்டு வந்தார். அம்மா இறந்தபோது எனக்கு அவர் முகம் நினைவில் நிற்கும் வயதுகூட ஆகவில்லை. அக்கா பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு வீட்டைப் பார்த்துக்கொண்டார். கன்னியர் மடத்தில் தையல் கற்றார். கோயிலில் நற்கருணை வாங்கத் தொடங்கும் முதல் நன்மை நாளில் நான் அணிந்த வெள்ளை உடை அவர் தைத்ததுதான். எனக்குத் தலைவாரி, பாடம் கேட்டு, என்னை ஆசிரியைப் பயிற்சி வரை அனுப்பியவரும் அவரே.

மாமாவை மணந்து அக்கா மலைமேல் உள்ள காவலூருக்குப் போனார். மாமா அங்கே இருசக்கர வாகனங்களைப் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். அக்கா வீட்டிலேயே ரவிக்கை தைத்தார். மலையூர்ப் பெண்கள் அவர் தைத்த ரவிக்கையைத் தேடி வந்தார்கள். இரண்டு மகன்கள் பிறந்தார்கள்.

இளைய மகன் பால்குடி மறந்த ஆண்டில் அக்காவுக்கு உறக்கம் குறைந்தது. பேச்சு வேகமானது. ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் உடுப்பு தைப்பதாகச் சொல்லித் துணி துணியாக வாங்கிக் குவித்தார். மாதா தேர் அன்று பவனியின் முன்னே போய் நின்று, தொண்டை கட்டிப்போகும் வரை பாடினார், போதித்தார். அருள் வந்திருக்கிறது என்று நம்பிச் சிலர் அவர் காலில் விழுந்து செபம் கேட்டார்கள். அதே அக்கா சில வாரங்களில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். தலைவாரவில்லை, பிள்ளைகளைத் தூக்கவில்லை. காலில் விழுந்தவர்களே இப்போது சோம்பேறி என்றார்கள், பேய் என்றார்கள்.

யாரோ சொன்னதைக் கேட்டு, மாமாவின் வீட்டார் தொலைவில் இருந்த ஒரு செப வீட்டில் அவரைக் கொண்டுபோய் விட்டார்கள். அப்பா பார்க்கப் போனபோது அக்காவின் கால் தூணோடு கட்டப்பட்டிருந்தது.

“எம் பொண்ணு இன்னா மாடா, கட்டிப் போடறதுக்கு? அவுத்து வுடுங்க. நான் வூட்டுக்கு இட்டுனு போறேன்” என்று அப்பா கத்தினாராம். அதிர்ந்து பேசாத மனிதர் அவர். கயிற்றுத் தழும்பு பல ஆண்டுகள் அக்காவின் கணுக்காலில் இருந்தது.

எங்கள் ஊர்ச் செவிலியரம்மா சொன்ன வழியில் அப்பாவும் மாமாவும் அக்காவை வேலூருக்கு அழைத்துப் போனார்கள். அங்கிருந்த பெண் மருத்துவர், இது இருதுருவ மனநிலைக் கோளாறு என்றார். மனம் ஒரு காலம் அளவுக்கு மேல் எழும்பும், ஒரு காலம் அடியில் போய்க் கிடக்கும், இதில் யார் குற்றமும் இல்லை என்று பொறுமையாக விளக்கினார். லித்தியம் மாத்திரை தொடங்கியது. அவ்வப்போது ரத்தப் பரிசோதனை, நிறையத் தண்ணீர், நேரத்துக்கு உறக்கம் என்று ஒழுங்குகள் வந்தன. மெல்ல மெல்ல எங்கள் அக்கா எங்களுக்குத் திரும்பக் கிடைத்தார்.

ஆனால் கை நடுங்கத் தொடங்கியது. தையற்காரிக்கு இது சிறிய இழப்பு அல்ல.

“ஊசியில நூலே கோக்க முடியல. கையே போய்ட்டா அப்புறம் இன்னாத்துக்கு எனக்கு இந்த மாத்திரை?” என்று என்னிடம் அழுதார். பிறகு யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். சில மாதங்கள் நன்றாகத்தான் இருந்தார். கை நடுக்கம் நின்றது, மறுபடியும் ரவிக்கை தைத்தார். அதன்பின் மனம் முன்னைவிட ஆழமாக விழுந்தது.

ஒரு நாள் காலை கடைக்குக் கிளம்பிய மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு உசுரோட இருக்கவே புடிக்கலைங்க. என்னைத் தனியா வுட்டுட்டுப் போவாதீங்க” என்றார் அக்கா. அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்திருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். மாமா கடையைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவும் இல்லை. அடுத்த பேருந்தில் இருவரும் மலை இறங்கினார்கள். வேலூர் போய்ச் சேரும் வரை அக்காவின் கையை அவர் விடவில்லை.

“கை நடுங்குதுன்னு எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா அளவை மாத்திக் குடுத்திருப்பேனேம்மா” என்றார் மருத்துவர். அப்படியே மாற்றிக் கொடுத்தார். நடுக்கம் குறைந்தது, முழுவதும் போகவில்லை. அக்கா ரவிக்கையை விட்டுப் பள்ளிச் சீருடைக்கும் பாவாடைக்கும் மாறினார். கையால் மடித்துத் தைக்கும் வேலையைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். எப்போதாவது அக்கா வேகவேகமாகப் பேசத் தொடங்கினால், “துணி வாங்கினது போதும், டாக்டரைப் பாத்துட்டு வர்லாம் வா” என்பார் மாமா. அக்கா கோபித்துக்கொள்வார். ஆனால் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

என் மகளுக்கு வரன் வந்தபோது நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். பெண் பார்க்க வரும் நாளில் அக்காவைக் காவலூரிலேயே இருக்கச் சொல் என்றார் எங்கள் பெரியப்பா. “பைத்தியக்காரக் குடும்பம்னு சொல்லிட்டுப் போய்டுவாங்க” என்று அவருக்குப் பயம். பெரியம்மா வராவிட்டால் நானும் புடவை கட்டி வந்து நிற்க மாட்டேன் என்று என் மகள் சொல்லிவிட்டாள். அக்கா பட்டுப்புடவை கட்டி வந்து, தானே காபி கொடுத்தார். தட்டில் தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிலுகிலுத்தன.

“இன்னாம்மா, கை இப்டி நடுங்குது? சுகரா?” என்று மாப்பிள்ளையின் தாயார் கேட்டார்.

“ஆமாமா, சுகருதான்” என்று பெரியப்பா முந்திக்கொண்டார்.

அக்கா தட்டைக் கீழே வைத்தார். “சுகர் இல்லீங்க. எனக்கு மனசுல நோய் கீது. ரொம்ப வருசமா மாத்திரை சாப்புட்றேன். மாத்திரையாலதான் இந்த நடுக்கம். பொண்ணு கேட்டு வந்தவங்ககிட்ட நாங்க மறைக்கக் கூடாது.”

அவர்கள் காபியைக் குடித்தார்கள், மரியாதையாக விடைபெற்றார்கள். வேண்டாம் என்று தொலைபேசியில் பதில் வந்தது. “என்னாலதானே” என்று அக்கா உடைந்துபோனார். என் மகள் அவரைக் கட்டிக்கொண்டு, “வுடு பெரிம்மா, அந்த வூட்ல போய் நான் எதையெல்லாம் மறைச்சினு இருக்கணுமோ” என்றாள்.

சில வாரங்கள் கழித்து அந்தத் தாயார் தனியாகக் காவலூரில் பேருந்தை விட்டு இறங்கி, தையல்காரம்மா வீடு எது என்று விசாரித்து வந்தார். உட்கார்ந்ததும் அழுதார். “எஞ் சின்னப் பொண்ணு காலேஜை வுட்டுட்டு ரூமுக்குள்ளயே கெடக்கறா. குளிக்கறதில்ல, பேசறதில்ல. வெளிய யாருக்கும் சொல்லல. நீங்க எந்த டாக்டரைப் பாக்கறீங்க?”

“சொல்றேங்க. சொல்றது இன்னா, நானே கூட வர்றேன். மூணு பேருமா போய்ட்டு வர்லாம்” என்றார் அக்கா.

போனார்கள். அந்தப் பெண் பிறகு படிப்பை முடித்தாள். முறிந்த சம்பந்தம் முறிந்ததுதான். என் மகள் எல்லாம் அறிந்த வேறொரு குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு நலமாக இருக்கிறாள். ஆனால் அந்த வருகைக்குப் பிறகு ஒருவர் சொல்லி ஒருவராக அக்காவைத் தேடி வரத் தொடங்கினார்கள். யாருக்கும் அவர் அறிவுரை சொன்னதில்லை. “மாத்திரை குடுக்கறது டாக்டரு. பஸ்ஸுல பக்கத்துல குந்திக்கறதுதான் நான்” என்பார்.

கடைசியில் அக்காவைக் கொண்டுபோனது புற்றுநோய். படுக்கையில் இருந்தபோது உறவினர்கள் நிறையப் பேர் வந்து பார்த்தார்கள். ஒரு நாள் அவர்கள் போனபின் என்னைப் பார்த்துச் சிரித்தார். “கேன்சர்னதும் எல்லாரும் ஆப்பிள் வாங்கினு வர்றாங்க. அந்த நோயில படுத்தப்ப ஒரு ஆளு எட்டிப் பாக்கல, பாத்தியா? எனக்கு மலரு போட்டா அதையும் எழுது.” யார் மனத்தையும் நோகடிக்க அவர் இதைச் சொல்லவில்லை, நானும் அதற்காக எழுதவில்லை. வேறொரு வீட்டில் ஒருவர் அப்படிப் படுத்திருக்கும்போது நாம் போய்ப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே எழுதினேன். மாமாவும் மகன்களும் நானும் செபமாலை சொல்லிக்கொண்டிருக்க, அக்கா தம் வீட்டிலேயே அமைதியாகக் கண்மூடினார்.

கடைசிவரை உடனிருந்த மாமாவுக்கும், வழிகாட்டிய செவிலியரம்மாவுக்கும், வேலூர் மருத்துவருக்கும், அக்காவின் தையலை முடித்துக்கொடுத்த பக்கத்து வீட்டுச் சகோதரிக்கும், இறுதித் திருப்பலி நிறைவேற்றிய பங்குத்தந்தைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அடக்கத்தன்று எங்களுக்கு முகமறியாத பலர் வந்திருந்தீர்கள். “அக்கா எங்கூட ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க” என்று மட்டும் என் காதில் சொன்னீர்கள். மலரில் பெயர் வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டீர்கள். உங்கள் பெயர்களை எழுதவில்லை. உங்களுக்கும் நன்றி. பேருந்தில் இனி பக்கத்து இருக்கைக்கு ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள், நான் வருகிறேன்.