காருக்குப் பக்கத்தில் ஒரு கதிரை

நேற்று பலாலி வீதியில் முன்னால் போன பஸ்ஸிலிருந்து பிரேக் கருகும் மணம் வந்தது. எனக்கு உடனே ஒரு தலையணை நினைவுக்கு வந்தது. பூப்போட்ட உறை, ஓரத்தில் கையால் தைத்த ரேந்தை.

தொழில்நுட்பக் கல்லூரி முடித்து உரும்பிராயில் ஒரு கராச்சில் சேர்ந்த முதல் வருடம். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்னக் கொப்பி இருக்கும். ஒவ்வொரு பழுதுக்கும் இலக்கமிட்ட பட்டியல். பட்டியலுக்கு வெளியே எந்தக் காரும் பழுதாகாது என்று நம்பியிருந்தேன்.

ஒரு மத்தியானம் குருநகரிலிருந்து லூக்காஸ் அண்ணை தன் பழைய காரை ஊர்ந்து ஊர்ந்து கொண்டுவந்தார். நாலு சில்லும் கருகும் மணத்தோடு கைவைக்க முடியாத சூடு. பின்சீற்றில் அந்தத் தலையணையோடு அவர் மனைவி மேரி அக்கா. சிறுநீரகங்கள் செயலிழந்ததால் கிழமையில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அடுத்த முறை மறுநாள் காலை.

காரைத் தூக்க வேண்டியிருந்ததால் அவரை மெல்ல இறக்கி, பக்கத்திலேயே கதிரை போட்டு இருத்தினேன். பிறகு கொப்பிப்படி தொடங்கினேன். எந்தச் சில்லும் சுற்றவில்லை. கைபிரேக் கம்பி சரி. பிரேக் கட்டைகளும் சரி. முன்சில்லில் பிரேக் ஒயில் வெளியேறும் ஆணியைத் தளர்த்தினேன். ஒயில் பீச்சியடித்தது, சில்லு சுழன்றது. அப்படியென்றால் அமுக்கம் மேலே எங்கோ பூட்டிக்கிடக்கிறது. ஒயில் தாங்கியைத் திறந்தால், மூடியின் றப்பர் ஊறிய உளுந்துபோல உப்பியிருந்தது. இதற்குள் என்ன ஒயில் விட்டீர்கள் என்று அண்ணையைக் கேட்டேன்.

“பிரேக் ஒயில்தான், பிள்ளை. வேறை என்னத்தை விடுறது?”

“ஏன் மறைக்கிறியள்?” என்றார் கதிரையிலிருந்து மேரி அக்கா. “என்ரை தையல் மெசின் எண்ணெயை எல்லோ விட்டனீங்கள்.”

“சண்டையிலை பெற்றோல் தடைக் காலத்திலை மண்ணெண்ணெயிலை ஓட்டின கார் இது. ஒரு சொட்டு எண்ணெய்க்கு மூஞ்சையைத் தூக்குமெண்டு ஆருக்குத் தெரியும்?”

“ஒரு சொட்டில்லை பிள்ளை, அரைப் போத்தில்.”

அமுக்கத்தை மட்டும் இறக்கிவிட்டால் மெல்ல ஓட்டிப் போவேன் என்று அண்ணை மன்றாடினார். அந்த எண்ணெயில் உள்ளே றப்பரெல்லாம் உப்பிவிட்டது, நாலைந்து தரம் பிரேக்கை மிதித்தால் மறுபடி இறுகிவிடும் என்றேன். எல்லா றப்பரும் மாற்ற வேண்டும், இரண்டு நாள் ஆகும் என்றேன். அண்ணை மேரி அக்காவைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“அப்ப நாளைக்கு?”

மறுநாள் விடிய, முதலாளியின் வான் வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு குருநகருக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் மேரி அக்கா என் கொப்பியை வாசித்துக்கொண்டு வந்தார். “தட்டு, கழட்டு, சுத்திப் பார் எண்டுதான் கிடக்கு. ஒருதரையும் கேக்கச் சொல்லேல்லையே, பிள்ளை.”

அன்றே முதல் வரிக்கு மேலே எழுதினேன்: காரோடு வந்தவர்களைக் கேள்.

அடுத்த வருடம் அந்தக் கார் வந்தபோது தலையணை மட்டும் பின்சீற்றில் இருந்தது. அதற்கடுத்த வருடம் காரும் வரவில்லை.

இப்போது நான் வேலை செய்யும் இடத்தில் பழுதைக் கணினி சொல்கிறது. வந்தவர்கள் கண்ணாடிக்கு அப்பால் குளிரூட்டிய அறையில் காத்திருக்கிறார்கள். நான் இன்னமும் போய்க் கேட்கிறேன். “ஒண்டும் செய்யேல்லை” என்கிறார்கள் கணவன்மார். மனைவிமார் போனைப் பார்த்தபடி இருக்கிறார்கள். காருக்குப் பக்கத்தில் கதிரை போட இங்கே அனுமதியில்லை.