வேகத்தைக் குறைத்தேன்

திருபுவனை கம்பெனியில் பிரஸ் மெஷினில் வலது கை விரல்களைப் பறிகொடுத்துவிட்டு வீட்டோடு கிடந்தான் என் நண்பன் சேகர். சின்ன வயதில் எங்கள் தெருவில் டிவி கேமில் அவனை ஜெயிக்க ஆளே கிடையாது. அந்தப் பழைய கேசட் விளையாட்டைக் கணினியில் ஓடவைக்கும் எமுலேட்டரைப் போட்டு, இடது கைக்கு ஏற்றபடி பட்டன்களை மாற்றி, பாகூரில் என் வீட்டுக்கு அவனை அழைத்து வந்தேன்.

ஓடிப்போய்த் தாண்டவேண்டிய முதல் பள்ளத்திலேயே திரும்பத் திரும்ப விழுந்தான். அவன் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, விளையாட்டின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைப்பு. வந்து உட்கார்ந்தான், தாண்டிவிட்டான். நான் கைதட்டினேன். அவன் சிரிக்கவில்லை.

"இன்னாடா, மியூசிக் இழுக்குது?"

"பழைய கம்ப்யூட்டர்டா."

"கைதான் போச்சி, காது போவல. பழைய மாதிரி வைடா."

வைத்தேன். மறுபடியும் அதே பள்ளம். பொழுது சாயும்வரை விழுந்துகொண்டே இருந்தான். பிறகு கீபோர்டை என் பக்கம் தள்ளி, "நீ ஆடுடா, நான் பாக்கறன்" என்றான்.

முதல் தாவலிலேயே நான் தாண்டிவிட்டேன். வேண்டுமென்றே விழுந்திருக்கலாமோ என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். அதையும் அவன் கண்டுபிடித்திருப்பான்.