காலண்டரைப் பார்க்கும் துணை

நஸ்ரினைப் பார்க்க ஆஸ்பத்திரி வார்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். புதுவயலிலிருந்து அவளுடைய அம்மாவின் போன். "வள்ளி, நீ வர வேணாம்த்தா. நம்ம நஸ்ரின் மவுத்தாயிட்டா, வீட்டுக்குக் கொண்டாந்துட்டோம்." நெஞ்சில் சளி கட்டி நாலு நாளாகப் படுத்திருந்தாள். தேறி வருகிறாள் என்றுதான் முந்தின நாள் வரை சொன்னார்கள். முப்பத்தொரு வயது, சாகிற வயதா? எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

இதைப் படிப்பவர்களில் அவளை அறிந்தவர்களுக்கு எங்கள் கதையும் தெரிந்திருக்கும். அவளுக்குப் பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம், நடை தடுமாறும். பேச்சு இழுத்து இழுத்து வரும். எனக்கு முதுகுத்தண்டில் பிறவிக் குறை, சக்கர நாற்காலி. ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவில் ஒன்றாக வளர்ந்தோம். பதினெட்டு முடிந்ததும் அங்கே எங்கள் ஃபைலை மூடிக் கையில் கொடுத்துவிட்டார்கள். பெரியவர்கள் பிரிவிலோ, "சின்ன வயசுல பார்த்தவங்ககிட்டயே காட்டுங்களேன்" என்றார்கள். அங்குட்டும் இங்குட்டும் அலைந்து சலித்துப்போய், மூன்று வருடம் இருவருமே ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை.

என் இடுப்பில் படுக்கைப்புண் வந்தபோதுதான் அவள் வீடு தேடி வந்தாள். "செத்த பொறவா ஆஸ்பத்திரிக்குப் போகப் போற? கெளம்பு" என்றாள். என் நாற்காலியின் பிடியைப் பிடித்துக்கொண்டால் அவளால் நடக்க முடியும், நாற்காலியும் நகர்ந்துவிடும். அப்படியே காரைக்குடி ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தோம். டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு, "இவங்களுக்கு எத்தனை நாளா இருக்கு?" என்று நஸ்ரினைக் கேட்டார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. சுவரில் தொங்கிய காலண்டரை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

அன்று முதல் அதுவே எங்கள் ஏற்பாடு. ஒருவருக்கு மற்றவர் துணை. துணைக்கு வந்தவள் ஃபைலைப் பிடிக்கலாம், கதவைத் திறக்கலாம், பதில் மட்டும் சொல்லக்கூடாது.

ஒரே ஒரு முறை நான் அதை மீறினேன். வெளியே பெரிய வரிசை. டாக்டர் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். நஸ்ரின் "கழுத்து..." என்று தொடங்கி அடுத்த சொல்லுக்குத் திணறினாள். எனக்குப் பொறுக்கவில்லை. "கழுத்து வலி சார்" என்று முடித்துவைத்தேன். வலி மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார். வெளியே வந்தோம். ஆட்டோ வந்து நின்ற பிறகுதான் சொன்னாள்: "நோவு எனக்கு, வாய் ஒனக்கா?"

மறு வாரம் திரும்பப் போனோம். நான் காலண்டரில் பௌர்ணமி, அமாவாசை எல்லாம் பார்த்து முடித்தேன். அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "கழுத்தத் திருப்புனா... கை மரத்துப்போகுது. டம்ளர் நிக்க மாட்டேங்குது." டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ஸ்கேனில் கழுத்து நரம்பு நசுங்கியிருந்தது தெரிந்தது. மதுரையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கை போயிருக்கும் என்றார்கள். என் அவசரத்துக்கு அவள் கையை விலையாகக் கொடுக்கப் பார்த்தேன். இதை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தக் கையால்தான், எங்களைப் போலப் பதினெட்டு முடிந்து குழந்தைகள் பிரிவை விட்டு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் அவள் போன் செய்துகொண்டிருந்தாள். கடைசியாகப் பேசியது குன்றக்குடி திவ்யாவிடம். திவ்யாவுக்கும் இவளைப் போலவே பேச்சு இழுக்கும். பெரியவர்கள் பிரிவுக்கு அவளைத் தானே கூட்டிப்போவதாக நஸ்ரின் சொல்லியிருந்தாள்.

நேற்று நஸ்ரினுக்குப் பதிலாக நான் போனேன். திவ்யாவின் அம்மா தயங்கினார்: "நீங்க எதுக்குச் சிரமப்பட்டு வாரீக? எல்லாம் நானே சொல்லிருவேனே."

"அதுக்குத்தான் வாரேன்" என்றேன்.

நஸ்ரினிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது. உள்ளே டாக்டர் வழக்கம்போல அம்மாவிடம்தான் கேட்டார். அந்த அம்மா வாய் திறப்பதற்குள் அவர் கையைத் தொட்டுச் சுவரைக் காட்டினேன். இருவரும் காலண்டரைப் பார்த்தோம். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பிறகு திவ்யா பேச ஆரம்பித்தாள்.